எறும்பு வராத ஏழு காலைகள்

கிளினிக் நாளில் வாங்குப் பலகையில் என்னோடு நெருக்கிக்கொண்டு இருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்முடைய பிள்ளைகளுக்கு இது தேவைப்படாது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்றால் என்ன, எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதெல்லாம் அவர்களுடைய கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. நாம்தான் கிளினிக் குறிப்புக் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடியவே வந்து நம்பர் எடுத்து, வெறும் வயிற்றோடு இருந்து, ஒருவருக்கொருவர் வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்களுடைய வைத்தியங்கள் எல்லாம் எனக்குப் பாடம். பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தால் அது சீனியில் சேராது. குரக்கன் பிட்டு என்றால் வயிறு கொண்டமட்டும் சாப்பிடலாம். கிளினிக்குக்கு முதல் மூன்று நாள் வாயைக் கட்டினால் மிஸ்ஸி ஏச மாட்டா. தாதியை நாம் மிஸ்ஸி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், இந்த வயதிலும் அந்தச் சொல்லுக்குப் பயப்படுகிறோம். நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நானும் ஒரு வருடம் முழுக்கப் பாகற்காய்ச் சாறு குடித்தவள்தான்.

போன மாதம் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தா. நீங்களும் கண்டிருப்பீர்கள், நீலக்கரைச் சேலை, கையில் எப்போதும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். தான் ஊசியை விட்டு இரண்டு கிழமை ஆகிறது என்று காதோடு காதாகச் சொன்னா. ஏன் என்று கேட்டேன். "இப்ப எங்கட பாத்ரூமுக்கு எறும்பு வாறதில்லை. ஒண்டுகூட இல்லை. உடம்பில சீனி இருந்தால் எறும்பு விடுமே?" என்றா.

அந்த வீட்டின் குளியலறையை மருமகள் ஒவ்வொரு நாளும் மருந்து ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறாள் என்றும் அந்த அம்மாவே சற்று முதல் சொல்லியிருந்தா. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் என்னுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள், நான் எழும்பிப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அவ இல்லை. ஓர்ஸ் ஹில்லில் மகள் வீட்டுக்கு முச்சக்கர வண்டியில் போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். எறும்பு விஷயத்தில் இது நான் வாய் மூடிய முதல் தடவை அல்ல.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு இறங்குதுறைக்குப் பின்னால், கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்தது. கோயில் என்றால் மாதா கோயில். அப்பா மூதூருக்கு ஓடும் லோஞ்சில் சுக்கான் பிடிப்பவர். காலையில் சனங்களையும் சைக்கிள்களையும் மரக்கறிக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு குடாவைக் கடந்து போவார், பின்னேரம் திரும்பி வருவார். அவருடைய சட்டையில் எந்த நாளும் டீசல் மணமும் உப்பு மணமும் இருக்கும். அம்மா அந்தச் சட்டையை இரண்டு தரம் அவித்துத் துவைத்தும் போகாத மணம் அது. எனக்கு அது பிடிக்கும்.

ஒரு வாடைக்காலத்தில் நடுக்குடாவில் எஞ்சின் நின்றுபோனது. லோஞ்ச் நிறையச் சனம். காற்று அவர்களை வெளிக்கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போக, அப்பா எஞ்சினுக்குள் தலையை விட்டபடி மணிக்கணக்காக மல்லுக்கட்டி ஒருவாறு கொண்டுவந்து சேர்த்தார். வீட்டுக்கு வந்தவர் ஒரு செம்புத் தண்ணீரை நின்ற நிலையில் குடித்தார். இன்னொன்று கேட்டார். அது முடிய இன்னொன்று. அன்றைக்குத்தான் வருத்தம் அவருக்குள் நுழைந்தது என்று அம்மா சாகும்வரைக்கும் சொன்னா. பயத்தில் நெஞ்சுத் தண்ணீர் வற்றி இரத்தம் இனித்துப் போய்விட்டதாம்.

இப்போது யோசித்தால், அது அப்படி இல்லை. அதற்கு முந்திய நத்தார்ப் பண்டிகைக்கே அப்பாவின் இடுப்புப் பட்டியில் புது ஓட்டை விழுந்துவிட்டது. ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அவர் தோலில் குத்தியதும், தோல் கருகிய மணமும் எனக்கு நல்ல ஞாபகம். எஞ்சின் நின்ற நாளில் மூன்றாவது ஓட்டையில்தான் அந்தப் பட்டி நின்றது. ஆனால் பயம் என்றால் ஒரு நாளும் ஒரு இடமும் சொல்லலாம். மெலிவு எப்போது தொடங்கியது என்று யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

அம்மாவின் தமையன், என்னுடைய மாமா, வேறு காரணம் வைத்திருந்தார். அவர் கரைவலைக்காரர். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போன மனிதர். அப்பா தோணி வலித்த காலத்தில் ஒரு தடிமனும் வந்ததில்லை, லோஞ்சில் ஏறிக் கதிரையில் இருந்து சுக்கானைத் திருப்பத் தொடங்கிய பிறகுதான் வேர்வை நின்றது, போகாத வேர்வை உள்ளுக்குள் தங்கிச் சீனியாகிவிட்டது என்பது அவருடைய கணக்கு. ஒரு கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் வலை இழுக்க வைத்தார். அப்பா மயங்கி மணலில் விழுந்தார். வேர்வை சரியாகப் போகவில்லை என்று மாமா சொன்னார்.

விழுந்த மறுநாள்தான் அப்பா ஆசுபத்திரிக்குப் போனார். பாடசாலை இல்லாத நாள் என்பதால் என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். அந்தக் காலத்து மிஸ்ஸி ஒருவர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, அதற்குள் அப்பாவின் சிறுநீர் சில துளி விட்டு, ஸ்பிரிட் விளக்கில் பிடித்தா. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமாக வந்து நின்றது. நான் அதைப் பார்த்துக் கை தட்டினேன். அவ்வளவு வடிவாக இருந்தது. அப்பா என்னுடைய தலையைத் தடவினார். செங்கல் நிறம் என்றால் சீனி உச்சத்தில் என்று தெரிந்த மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் ஊசி போடவேண்டும், விடக்கூடாது, சாகும்வரை விடக்கூடாது என்று டொக்டர் சொன்னார். அப்பா ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"ஐயா, நான் சுக்கான் பிடிக்கலாமோ?"

ஊசி போடுகிற ஆள் சில வேளை தலைசுற்றி விழலாம், ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலில் போகிற வேலை வேண்டாம் என்று டொக்டர் கந்தோருக்கு, லோஞ்ச் நடத்துகிற அலுவலகத்துக்கு, கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு அப்பாவைக் கரையில் இறக்கினார்கள். இறங்குதுறைக்குப் பக்கத்தில் கயிறும் பெயின்ற் வாளிகளும் வைக்கிற ஸ்டோருக்கு அவரைப் பொறுப்பாகப் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஸ்டோர் வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு இருந்து, தன்னுடைய லோஞ்சை வேறொருவன் கரைக்கு அணைப்பதைப் பார்ப்பார். அவன் அணைக்கும்போது லோஞ்ச் ஒவ்வொரு முறையும் இறங்குதுறை மரத்தில் இடிக்கும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

ஊசி எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வந்ததுபோல வந்தது. குளிர்சாதனப் பெட்டி எங்கள் ஒழுங்கையில் யாரிடமும் இல்லை. குசினி மூலையில் ஒரு மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்தோம். மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என்னுடைய வேலை. கண்ணாடி ஊசியை அம்மா ஒரு அலுமினியச் சட்டியில் போட்டு அவிப்பா. அது கொதிக்கும்போது சட்டியில் இடித்துக் கிணுகிணு என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா முற்றத்துக்குப் போய்விடுவார். அவரைக் கூப்பிட்டுக் கொண்டுவருவதும் நான்தான்.

ஊசி நல்லதுதான் செய்தது. இரண்டு மாதத்தில் பட்டி பழைய ஓட்டைக்கு வந்தது, முகத்தில் சதை வைத்தது. ஆனால் ஒழுங்கைக்கு அது கண்ணில் படவில்லை. மூலை வீட்டில் ஒரு பென்சன்கார கிளாக்கர் இருந்தார். அவருக்கு ஊசி தொடங்கி மூன்றாம் மாதம் ஒரு காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊசி காலைத் தின்னும் என்று எங்கள் ஆட்களுக்கு அவரால்தான் தெரியும். கால் புண்ணாகி மணத்த பிறகுதான் அவர் ஆசுபத்திரிப் படி ஏறினார் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நம்முடைய சனம் கடைசியாகக் கண்டதன் மேல்தான் பழியைப் போடும். நாமும் அப்படித்தானே?

மாமா ஒரு நாள் மூதூர்ப் பக்கமிருந்து நாட்டு மருந்து பார்க்கிற ஒரு பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் லோஞ்சிலேயே வந்து இறங்கினார். வயதான, மெதுவாகக் கதைக்கிற மனிதர். கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார், எனக்கு மடியிலிருந்து ஒரு நெல்லிக்காய் எடுத்துத் தந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வாழ்நாளில் பார்த்த சீனி வருத்தக்காரர்கள் எல்லாம் வயது போய், வயிறு வைத்த ஆட்கள். குறிஞ்சா இலைக் கஞ்சியும் வெந்தயமும் வாய்க்கட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் கேட்டிருக்கும். முப்பத்தைந்து வயதில் காற்றில் பறக்கிற மாதிரி மெலிந்த என் அப்பாவுக்கு வந்தது ஊசி இல்லாமல் உயிர் தரிக்க விடாத வேறு இனம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இப்போதைய டொக்டர் விளங்கப்படுத்தியதால்தான் எனக்கே தெரியும்.

அவர் கசப்பு மருந்துகளைச் சொல்லிவிட்டு, கடைசியில் சோதனையைச் சொன்னார். விடியற்புறம் முதல் சலத்தை, அதாவது சிறுநீரை, சிரட்டையில் எடுத்து, வெயில் படுகிற ஒரு கல்லில் ஊற்றவேண்டும். வெயில் வேலிக்கு மேல் வந்த பிறகு போய்ப் பார்க்கவேண்டும். எறும்பு மொய்த்தால் சீனி இருக்கிறது. "தொடர்ந்து ஏழு காலமை எறும்பு வராட்டி வருத்தம் போட்டுது எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகு உந்த ஊசி தேவையில்லை" என்றார். அப்பா அதுவரை குனிந்துகொண்டிருந்தவர். அந்தச் சொல்லில்தான் நிமிர்ந்தார்.

முருங்கை மரத்துக்குக் கீழே உடைந்த சலவைக்கல் ஒன்று கிடந்தது. அதுதான் சோதனைக் கல் ஆனது. பாடசாலைக்குப் போக முதல் அதைப் பார்த்து வந்து சொல்லுவதற்கு என்னை நியமித்தார்கள், எனக்குக் கண் கூர்மை என்று. சிவத்தச் சின்ன எறும்புகள். முருங்கை வேரிலிருந்து ஒரு வரிசை, வேலிக் கால் பக்கமிருந்து இன்னொரு வரிசை. கல்லின் ஓரம் கறுத்துச் சிவந்து அசைந்துகொண்டிருக்கும். நான் குசினி வாசலில் வந்து நின்று "இருக்கு" என்பேன். அம்மா அலுமினியச் சட்டியை அடுப்பில் வைப்பா. மாமா நின்றால் அவர் "ம்" என்று முனகுவார். அப்பா கசப்புக் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். நான் எதையோ களவெடுத்துவிட்டு நிற்பதுபோல எனக்குக் கிடக்கும்.

அந்த ஆண்டுக் கோயில் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கோயில் திருநாளில் மாதாவின் சுரூபத்தை லோஞ்சில் வைத்து, குடாவைச் சுற்றி வருவார்கள். பின்னால் தோணிகளும் வள்ளங்களும் பாட்டோடு வரும். எட்டு வருடமாக அந்த லோஞ்சின் சுக்கான் அப்பாவின் கையில்தான் இருந்தது. இந்த முறை மரத்தில் இடிக்கிறவன் பிடிப்பான் என்று கதை வந்தது. அப்பா அதைக் கேட்டுவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எனக்கு அந்த எறும்புகள் மேல்தான் கோபம் வந்தது. பரியாரியார் சொன்னதை நான் தலைகீழாக விளங்கிக்கொண்டேன். எறும்பு வராவிட்டால் வருத்தம் போய்விடும் என்றுதானே அவர் சொன்னார்? அப்படியானால் எறும்பை வராமல் பண்ணினால் போயிற்று. எறும்பை மறிக்கிறது எப்படி என்று எனக்குத் தெரியும். சீனிப் பேணியைச் சுற்றி அம்மா ஒவ்வொரு நாளும் அடுப்புச் சாம்பலால் வட்டம் போடுவா. ஒரு எறும்பும் அந்தச் சாம்பலைத் தாண்டாது.

அப்பா சிரட்டையை ஊற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போனதும் நான் அடுப்பிலிருந்து ஒரு கைப்பிடி ஆறிய சாம்பலை அள்ளிக்கொண்டு போய், கல்லைச் சுற்றித் தடிப்பாகத் தூவினேன். வந்த காலடியை மணலில் அழித்துவிட்டேன். முருங்கை அடியில் சாம்பல் கிடப்பது எந்த வீட்டிலும் உள்ளதுதான். வெயில் வந்தது. கல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. நான் ஓடிவந்து "இல்லை" என்றேன்.

அம்மாவின் கையிலிருந்த அகப்பை நின்றது. தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தா. அப்பா என்னைத் தூக்கினார். வருத்தம் வந்த பிறகு அவர் என்னைத் தூக்கியதே இல்லை. அந்தச் சந்தோசத்துக்காக நான் எத்தனை அடுப்புச் சாம்பலையும் அள்ளியிருப்பேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள். ஏழு நாளும் முடியட்டும் என்று அம்மா ஊசியை மட்டும் நிறுத்தவில்லை. மாமா வந்து முழங்காலில் இருந்து கல்லை மணந்துகூடப் பார்த்தார். குறிஞ்சா வேலை செய்கிறது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் அகப்பட்டேன். சாம்பல் கையோடு முருங்கையடியிலிருந்து எழும்பித் திரும்புகிறேன், கிணற்றடியில் அப்பா நிற்கிறார். பல் துலக்கிய உமிக்கரி வாயில் அப்படியே இருக்கிறது. அவர் என்னுடைய கையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். நான் அழுவதற்கு ஆயத்தமானேன். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு வாளி தண்ணீர் அள்ளி, என்னைக் கிட்டக் கூப்பிட்டு, சிவப்புச் சவர்க்காரம் போட்டு என்னுடைய இரண்டு கையையும் முழங்கை மட்டும் கழுவினார். நகத்துக்குள் இருந்ததைக்கூட விடவில்லை.

"கையைக் கழுவிப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள போகவேணும், பிள்ளை" என்றார். பிறகு, "அம்மாவிட்டச் சொல்லாத" என்றார்.

சட்டையை ஊத்தையாக்கியதற்கு அம்மாவிடம் அடி விழாமல் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அதை எவ்வளவு காலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஐம்பது வயதுக்கு மேல், எனக்கு ஊசி எழுதிய நாளில், கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இதே வாங்கில் இருந்தபோதுதான் விளங்கியது. உனக்கு ஒன்றுமில்லை, ஊசி வேண்டாம் என்று யாராவது ஒரு பொய் சொல்ல மாட்டார்களா என்று அன்றைக்கு என் மனம் கிடந்து தவித்தது. அப்பாவுக்கு அந்தப் பொய்யை நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவர் அது பொய் என்று தெரிந்துதான் வாங்கிக்கொண்டார். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அவர் சிரட்டையை ஊற்றிவிட்டு வழக்கத்தை விடக் கூடுதல் நேரம் கிணற்றடியில் நின்றார், முருங்கைப் பக்கம் திரும்பாமல்.

ஏழாம் காலை முடிய அம்மா கண்ணாடி ஊசியைத் துடைத்து ஒரு துணியில் சுற்றி அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தா. பானையில் மணல் காய்ந்தது. அப்பா கந்தோருக்குப் போய்த் தனக்குச் சுகமாகிவிட்டது, ஊசி இல்லை என்று சொன்னார். அங்கே அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் அவருடைய சொல்லை நம்பினார்கள். திருநாள் அன்றைக்கு மட்டும் பிடியுங்கள், பிறகு பார்ப்போம் என்றார்களாம். அம்மா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டா.

திருநாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஊசி நின்ற இரண்டாம் நாளே அவர் செம்பைத் தேடத் தொடங்கிவிட்டார். வறண்ட கச்சான் காற்றடிக்கிற காலம், எல்லோருக்கும்தானே தண்ணீர் விடாய் என்று அம்மா சொன்னா. மூன்றாம் நாள் அவருடைய மூச்சில் ஒரு மணம் வந்தது. பழுத்து அழுகப்போகிற பழத்தின் மணம். நான் அவர் பக்கத்தில் படுத்திருந்து அதை மணந்தேன். டீசல் மணமும் உப்பு மணமும் எங்கே போயின என்று தேடினேன். அம்மாவும் மணந்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டா. மாமா குனிந்து மணந்துவிட்டு, முகம் மலர்ந்து சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"பயப்பிடாத தங்கச்சி. இவ்வளவு காலமும் உள்ளுக்குக் கிடந்த இனிப்பு மூச்சாலை வெளியில போகுது. நல்ல சகுனம்."

அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருந்து நன்றி சொன்னா. அந்த மணம் என்ன என்று இந்த வாங்கில் இருக்கிற எல்லோருக்கும் இப்போது தெரியும். ஊசி இல்லாமல் இரத்தம் நஞ்சாகிற அடையாளம் அது என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதற்கு நன்றிச் செபம் நடந்தது.

திருநாள் அன்று லோஞ்ச் முழுக்கக் குருத்தோலையும் கடதாசிப் பூவும். சுரூபம் முன்னுக்கு, பாட்டுக்காரர் நடுவில், அப்பா சுக்கானில். நான் அவருடைய காலடியில் இருந்தேன். அவர் ஒவ்வொரு பாட்டு முடியவும் ஒரு செவ்விளநீர் கேட்டார், நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். உதடு வெடித்திருந்தது. நெஞ்சு மேலும் கீழும் ஓடியது, ஓடிவந்தவருக்கு ஓடுகிற மாதிரி, அவர் ஓடாமலே. ஆனால் முகம் இருக்கிறதே, அந்த முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோசத்தை முன்னும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. குடாவைச் சுற்றி வந்து இறங்குதுறையில் லோஞ்சை அணைத்தார். மரத்தில் இடிக்கவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. கரையில் நின்ற சனம் கை தட்டியது. கயிறு கட்டி முடிந்ததும் அப்பா சுக்கானிலிருந்து கையை எடுத்து, கடல் பக்கம் குனிந்து சத்தி எடுத்தார். பிறகு என் பக்கத்தில் இருந்தார். பிறகு சரிந்தார்.

ஆசுபத்திரியில் அதே மிஸ்ஸிதான் நின்றா. குனிந்து அப்பாவின் மூச்சை மணந்ததும் அவவின் முகம் மாறிவிட்டது. "கடைசியா எப்ப ஊசி போட்டது?" என்று கேட்டா. அம்மா மாமாவைப் பார்த்தா. மாமா நிலத்தைப் பார்த்தார். "எறும்பு வரேல்லை, மிஸ்ஸி" என்று அம்மா கடைசியில் சொன்னா. நான் என்னுடைய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர்கள் ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் அப்பா போய்விட்டார்.

செத்த வீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. சுகமாகி, சுக்கான் பிடித்து, சனம் கை தட்டிய மனிதனை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று. மாமாவும் அதையே சொன்னார், நெஞ்சிலடித்துக்கொண்டு சொன்னார், அவர் பொய்க்காகச் சொல்லவில்லை. எறும்பு வரவில்லை என்பதற்கு ஒழுங்கை முழுக்கச் சாட்சி இருந்தது. அம்மாவின் மடியில் முகம் வைத்து, சாம்பலைப் பற்றிச் சொல்லப் பார்த்தேன். ஆனால் அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்றிருந்தார். அவர் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை. செத்துப்போன மனிதரின் சொல்லை எப்படி மீறுவது? நான் மீறவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பிறகு ஊசிக்கு ஒத்துக்கொண்டவர்கள் அருமை. மாமாவுக்கே பிற்காலத்தில் சீனி வருத்தம் வந்தது. முதலில் கண் மங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கையில் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவது நான்தான். அப்போது நான் கலியாணம் முடித்து, பிள்ளை பெற்ற பெண். ஊசி போடுங்கோ மாமா என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். மச்சானை ஊசிதான் கொண்டுபோனது என்பார். ஒருநாள் கோயில் படியில் இருந்து, "மாமா, அண்டைக்கு அந்த எறும்பு..." என்று தொடங்கினேன். அவர் பார்வை இல்லாத கண்ணால் என்னுடைய பக்கம் திரும்பி, "எறும்பு பொய் சொல்லாது பிள்ளை" என்றார். அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார். தன்னுடைய தங்கச்சி புருசனைத் தான் கொல்லவில்லை என்கிற ஒரேயொரு ஆறுதல் அவருக்கு அந்த எறும்புதான். அதைப் பிடுங்கி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருடம் அவரும் போனார். அம்மா அதற்குப் பின் போனா. சொல்லுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

கண்ணாடி ஊசி, மண்பானை, அப்பாவின் இடுப்புப் பட்டி ஒன்றும் மிஞ்சவில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் வீடே போய்விட்டது. முருங்கையடிக் கல் மட்டும் அங்கேயே கிடக்கலாம், அதை யார் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள்.

இந்த மாதம் கிளினிக்குக்கு நான் முந்தியே போனேன். வாசலில் எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்கள் நின்று வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. நீலக்கரைச் சேலை அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கவேண்டும், எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவ வரவில்லை. மிஸ்ஸி அவவுடைய பெயரை ஒரு தரம் கூப்பிட்டா. இரண்டாம் தரமும் கூப்பிட்டா. நீங்களும் கேட்டீர்கள், ஒருவரும் எழும்பவில்லை. மிஸ்ஸி கொப்பியை மற்றப் பக்கம் வைத்துவிட்டு என்னுடைய பெயரைச் சொன்னா.

நான் மேசையடிக்குப் போனேன். என்னுடைய பேத்தி வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு.

"மிஸ்ஸி, அவ ஊசியை விட்டிட்டா. எறும்பு வரேல்லை எண்டு சொன்னவ. எறும்பு வராததுக்கு வேற காரணம் இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் விட்டிட்டன்" என்றேன்.

பின்னால் நூறு பேர். மிஸ்ஸி குனிந்து எழுதிக்கொண்டிருந்தா. நான் சொன்னது காதில் விழுந்ததோ தெரியாது. விரலில் குத்துகிற சின்ன ஊசியை எடுத்துக்கொண்டு என்னுடைய கையைப் பார்த்தா.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ அம்மா" என்றா.

போய்க் கழுவினேன்.